பதின்மூன்று கிளிக்

ஸ்கோப்புக்குள் தெரிகிற உலகத்துக்குச் சத்தம் கிடையாது. தேயிலை ஃபெக்டரியில் இருபது வருடத்துக்கு மேல், மெஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்துவிட்டேன். சத்தம் நின்றால் எனக்குப் பயம்தான் வரும். பெல்ட் அறுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போயிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கறுப்புக் குழாயை முதன்முதலில் கண்ணில் வைத்துப் பார்த்தபோது பயம் வரவில்லை. எதிர்மலை முழுதும் ஒரு வட்டத்துக்குள் வந்து, வாயைத் திறக்காமல் நின்றது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் கூரையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கம்பளியை உதறினாள். உதறிய சத்தம் வரவே இல்லை. அவளுக்குப் பின்னால் அருவி விழுந்துகொண்டிருந்தது, அதுவும் ஊமையாக. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. கையில் இருந்தது வெறும் குழாய்தான், துவக்கில் பூட்டாத குழாய். பூட்டியிருந்தால் லயத்துப் பக்கம் திருப்பியிருப்பேனா? அந்த அளவுக்கு நான் கிறுக்கன் இல்லை.

துவக்கு எங்கள் தொரையுடையது. தொரை என்றதும் பழைய காலத்து வெள்ளைக்காரரை நினைக்க வேண்டாம். தோட்டத்து மனேஜரை இன்றைக்கும் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். இவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர், என் தம்பி வயது, கோபப்படத் தெரியாத மனிதர். அவருடைய அப்பா வைத்திருந்த சின்ன ரைபிள் அது. லைசன்ஸ் இப்போது இவர் பேரில். தோட்டா சுண்டு விரலைவிட மெல்லியது. அடிப்பக்க விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். வெடிக்கிற சத்தமும் காய்ந்த விறகை முறிக்கிற மாதிரித்தான். பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் என்று பெயர் சொல்லிக்கொண்டாலும், எனக்குத் தெரிந்து அவர் ஒரு எலியைக்கூடச் சுட்டதில்லை. கடதாசியில் ஓட்டை போடுவதில்தான் அவருக்கு ஆசை. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் ஒரு ஸ்கோப்பைக் கொண்டுவந்து கொடுக்க, அதைப் பூட்டத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தோட்டத்தில் எது ஆடினாலும் பிட்டரைத்தான் கூப்பிடுவார்கள். ஃபெக்டரியில் ரோலர் ஆடினாலும் நான், பங்களாவில் மேசை ஆடினாலும் நான்.

பூட்டுவது பெரிய காரியமில்லை, நாலு ஸ்குரூ. அதற்குப் பிறகு இருக்கிறது வேலை. கண் பார்க்கிற இடமும் தோட்டா போகிற இடமும் ஒன்றாக வேண்டும். சீரோ பண்ணுவது என்று அதற்குப் பெயர். பழைய கல்லுக் குழியில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், நாங்கள் இரண்டு பேரும் அதைச் செய்தோம். குழியின் ஒரு பக்கம் ஐந்தாறு ஆள் உயரத்துக்கு மண்மேடு. அங்கே ஆள் நடமாட்டமும் இல்லை, மாடும் மேயாது. டேப் பிடித்து ஐம்பது மீட்டர் அளந்து பலகை நட்டோம். மணல் மூட்டை மேல் துவக்கை வைத்து, பின்பூட்டைக் கழற்றி, குழல் வழியாகவே பலகையைப் பார்த்து முதலில் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு தோட்டா. மூன்று தோட்டா சுட வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் திருகைத் தொடலாம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒவ்வொரு தடவை திருகினால் பைத்தியம் பிடிக்கும். எனக்கு முதல் ஞாயிற்றுக்கிழமையே பிடித்தது.

மூன்றும் மூன்று அங்குலம் கீழே விழுந்தன. ஸ்கோப்பின் தலையில் ஒரு திருகு இருக்கிறது, ஏற்றவும் இறக்கவும். திருப்பினால் கிளிக், கிளிக் என்று விரலுக்குத் தெரியும். ஐம்பது மீட்டரில் எட்டு கிளிக் போனால் ஒரு அங்குலம். மூன்று அங்குலத்துக்கு இருபத்துநாலு. ஃபெக்டரித் திமிரில் அம்புக்குறியைப் பார்க்காமல் இருபத்துநாலையும் மறுபக்கம் திருப்பிவிட்டேன். அடுத்த மூன்றும் பலகைக்குக் கீழே மண்ணில் போய்ப் புதைந்தன. காற்றைத் திட்டினேன், தோட்டாவைத் திட்டினேன், தொரையின் மச்சானையும் மனசுக்குள் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தொரை அம்புக்குறியை விரலால் தொட்டுக் காட்டினார்.

மூன்றாவது ஞாயிறு சீரோ பிடித்தது. அதற்குப் பிறகு பலகையைத் தள்ளித் தள்ளி வைத்தோம். தோட்டா போகப் போகக் கீழே இறங்கும். அறுபதுக்கு ஆறு கிளிக் ஏற்ற வேண்டும், எழுபதுக்குப் பதின்மூன்று, எண்பதுக்கு இருபத்தொன்று. ஒரு துண்டு டேப்பில் அதையெல்லாம் எழுதித் துவக்கின் கட்டையில் ஒட்டினேன். அவர் சுட்டால் கண்ணை மூடிக்கொண்டுவிடுவார், குண்டு ஊருக்கெல்லாம் போகும். அதனால் சுட்டது பெரும்பாலும் நான்தான். அவர் பக்கத்தில் இல்லாமல் அந்தத் துவக்கை நான் தொட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிறுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் கனவு மாதிரிதான் இருக்கிறது. சுடுவது கொஞ்ச நேரம். பாதிப் பொழுது பனிமூட்டம் விலகக் காத்திருப்பதிலேயே போகும். லிந்துலைப் பக்கத்து மூட்டம் சொல்லிவிட்டு வருவதில்லை. பலகையைக் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். பலகை போகும், மேடு போகும், கடைசியில் குறுக்குக் கோடு மட்டும் பாலில் மிதக்கும். தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே ஈரப் புல்லில் படுத்திருப்போம். தொரை பிளாஸ்க்கிலிருந்து பிளேன் டீ ஊற்றித் தருவார். அவர் சிங்களத்தில் ஏதாவது சொல்வார், நான் தமிழில் ஏதாவது சொல்வேன், பாதி புரியும். புரியாத பாதியால் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. வாழ்க்கையில் எனக்குக் கோபமே வராத நேரம் அது ஒன்றுதான் என்று என் மனைவி சொல்வாள்.

அவள் கொழுந்து பறிக்கிறவள். என்னைவிட இரண்டு வயது இளையவள், வாயில் இருபது வயது மூத்தவள். ஞாயிறு தவறாமல் நான் குழிக்குப் போவதில் அவளுக்குச் சம்மதமில்லை. வீட்டில் கூரை ஒழுகுகிறது, குழாயில் ஊரைப் பார்க்கிற மனுசனுக்கு வீட்டுக் கூரை தெரியவில்லையா என்று கேட்பாள். அதோடு இன்னொன்றும் கேட்பாள், வாரத்துக்கு ஒரு தடவையாவது: கோயில் தோரணத்தை எப்போது இறக்கப் போகிறீர்கள்?

அந்தத் தோரணம் என் பெருமை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருடா வருடம் தேங்காய்த் தும்புக் கயிற்றில்தான் கடதாசிக் கொடி கட்டுவார்கள். மூட்டத்தில் கயிறு நனைந்து, தொய்ந்து, தேர் வருவதற்குள் கொடியெல்லாம் ஆட்களின் தலையில் இடிக்கும். போன வருடம் நான் பொறுப்பெடுத்து, தலவாக்கலைக் கடையில் தங்கூசி வாங்கினேன், மீன் பிடிக்கிற நைலோன் நூல். பளபளக்கிற நீலத் தாளில் நானே கொடி வெட்டினேன். பெல்ட் கட்டுகிற முடிச்சு ஒன்று எனக்கு உண்டு, இழுக்க இழுக்க இறுகும், சீவன் போனாலும் அவிழாது. அந்த முடிச்சைப் போட்டுக் கோயிலிலிருந்து மேல் ரோட்டு வரைக்கும் வரிசையாகக் கட்டினேன். கண்ணுக்கு நூலே தெரியாது. நீலக் கொடிகள் காற்றில் தாமாக மிதக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் பிட்டர் பிட்டர்தான் என்றார்கள். திருவிழா முடிந்தது, இறக்க வேண்டும். இறக்குறேன் என்றேன். நாளைக்கு இறக்குறேன் என்றேன். ஆடி மாதத்துக் காற்று வந்து பாதியை அறுத்துக்கொண்டு போனபோது, பார்த்தியா, தானாவே எறங்கிருச்சு என்று அவளிடம் சிரித்துக்கொண்டு சொன்னேன். இப்படிச் சிரித்ததை நினைத்தால் என் பல்லை நானே தட்ட வேண்டும் போல இருக்கிறது.

இந்த வருடத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் அவள் ஃபெக்டரி வாசலில் வந்து நின்றாள். வேலை நேரத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை. கூடை முதுகில் இருந்தது, கொழுந்து ஒன்றும் இல்லை.

"கருடன் தொங்குதுங்க" என்றாள்.

ஏழாம் நம்பர் மலைக்கு ஓடினோம். அது செங்குத்தாக இறங்குகிற மலை. அடியில், ஓடைக்கரையில், இடி விழுந்து மேல்பாதி செத்துப்போன ஒரு டர்பன்டைன் மரம் நிற்கிறது. கொத்மலைத் தண்ணிப் பக்கத்திலிருந்து மேலே வருகிற ஒரு ஜோடிக் கருடன் அதன் உச்சியில் கூடு கட்டியிருந்தது எல்லாருக்கும் தெரியும். வெள்ளைத் தலை, செம்மண் நிற உடம்பு. மலையில் நிற்கிற பெண்கள் அது பறந்து போனால் கொழுந்துக் கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இப்போது கூட்டுக்குக் கீழே ஒரு காய்ந்த கொப்பில் அதில் ஒன்று தலைகீழாகத் தொங்கியது. ஒரு கால் மேலே இழுபட்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் சிறகை அடித்து, சுற்றி, மறுபடியும் தொங்கியது. இன்னொன்று வானத்தில் வட்டமிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. ரோட்டில் நின்ற பெண்களுக்குக் கையை என்ன செய்வது என்றே தெரியவில்லை. தொங்குகிற கருடனைப் பார்த்து எப்படிக் கன்னத்தில் போட்டுக்கொள்வது?

கோயில் கமிட்டித் தலைவரும் வந்துவிட்டார். மூட்டை தூக்கியே முதுகு வளைந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். அம்மன் கொடியேறப் போகிற நேரத்தில் கோயிலுக்கு எதிரே கருடன் செத்தால் இந்த வருடம் கொடியும் இல்லை, தேரும் இல்லை என்று மட்டும் சொன்னார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களில் மரம் ஏறுவதற்குப் பேர்போன ஒருவர் கீழே போய், தண்டைக் கத்திப் பிடியால் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். உள்ளே வெறும் பொந்து, ஏறினால் மரத்தோடு வருவேன் என்றார். காட்டு விலங்கு இலாகாக்காரர்களுக்குத் தொரை போன் பண்ணினார். வழியில் மண் சரிந்து கிடந்தது, நாளைக்குத்தான் வர முடியும் என்று பதில் வந்தது. நாளை வரைக்கும் அது தாங்காது. பார்த்த எல்லாருக்கும் அது தெரிந்தது.

துவக்கு என்று முதலில் சொன்னது நான்தான். சொன்னதும் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கருடனைச் சுடப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கருடனை இல்லை, அது தொங்குகிற கொப்பை என்று விளங்கப்படுத்தினேன். கொப்பு கட்டைவிரல் மொத்தம், காய்ந்தது. அது முறிந்தால் பறவை கீழே வரும். பின்னால் எதிர்க்கரை மண்மலை; குண்டு தப்பினாலும் அதிலே போய்ப் புதையும். தொரை, மலையில் ஆட்களை மேய்க்கிற கண்டாக்கையாவுக்குப் போன் பண்ணி எதிர்மலையில் ஒரு ஆள்கூட இல்லாமல் இறக்கச் சொன்னார். பிறகு பங்களாவுக்குப் போய்த் துவக்கை எடுத்து வந்து, என் கையில் வைத்தார். "மட்ட பே, பிட்டர்" என்றார். என்னால் முடியாது என்கிறார்.

மேல் ரோட்டு ஓரத்தில் மணல் மூட்டைக்குப் பதிலாகக் கொழுந்துச் சாக்கைப் போட்டுப் படுத்தேன். ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். மறுபடியும் அந்தச் சத்தமில்லாத வட்டம். வானத்தில் கத்துகிற கருடன் இல்லை, பெண்கள் இல்லை. தொங்குகிற அது மட்டும், வாயைத் திறந்தபடி, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காலிலிருந்து கொப்பு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. காற்றில் தானாக மிதக்கிற மாதிரி இருந்தது. வெயில் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தது. காலுக்குப் பக்கத்தில் நீலமாக ஒன்று பளபளத்தது.

என் தாள். நான் வெட்டின கொடி. காற்று அறுத்துப் போட்டதைக் கூட்டுக்கு மெத்தையாக எடுத்துப் போயிருக்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். ரோட்டில் யாரோ பட்டம் விடுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு அம்மா மீன் பிடிக்கிறவர்களைத் திட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி மட்டும் ஒருவரையும் திட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தூரம் தெரிய வேண்டும். போனில் அளக்கலாம் என்றார் தொரை. அந்தப் பள்ளத்தில் பேச மட்டும்தான் சிக்னல், மேப் திறக்கவில்லை. அது எனக்குத் தேவையும் இல்லை. தோட்டத்தில் நாங்கள் எதையும் செடியை வைத்துத்தான் அளப்போம். உரம் போடுவதும், மருந்தடிப்பதும், கவ்வாத்துக்கு ஆள் பிரிப்பதும் நிரைக் கணக்கில்தான். நிரைக்கு நிரை நாலு அடி. ரோட்டிலிருந்து மரத்தடி வரைக்கும் நானே இறங்கி எண்ணினேன்: ஐம்பத்தெட்டு நிரை. இருநூற்று முப்பத்திரண்டு அடி, சுமாராக எழுபது மீட்டர். மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, கட்டையில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தேன். எழுபதுக்குப் பதின்மூன்று. அம்புக்குறியை இரண்டு தடவை பார்த்துவிட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே பதின்மூன்று கிளிக் ஏற்றினேன்.

அந்த நேரம் பார்த்து மூட்டம் வந்தது. வட்டம் வெளுத்து, கருடன் கரைந்து, ஒன்றுமே இல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆசையாகப் படுத்துக் கிடந்த அதே மூட்டம். அன்றைக்கு அதை என்னென்ன கெட்ட வார்த்தையில் திட்டினேன் என்று எழுத முடியாது. உள்ளே எங்கேயோ சிறகு அடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் குறைவாக அடித்தது. அடுத்த அடி வருமா என்று ரோட்டில் நின்ற எல்லாரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மூட்டம் விலகியதும் சுட்டேன். கொப்பு அசையவில்லை. அதற்கு மேலே, மூன்று விரல் தள்ளி, இன்னொரு கிளையின் காய்ந்த பட்டை தெறித்தது. கருடன் பயந்து படபடவென்று அடித்துச் சுற்றியது. என் கைதான் ஆடியிருக்கும் என்று நினைத்து, மூச்சை அடக்கி, அது நிற்கும்வரை பொறுத்து, இரண்டாவதைச் சுட்டேன். அதே இடத்தில் பட்டை இன்னும் கொஞ்சம் தெறித்தது. சிறகு இப்போது மெதுவாகத்தான் அடித்தது. துவக்கில் ஏதோ பழுது என்றேன், பங்களாவிலிருந்து கொண்டுவரும்போது எங்கேயோ இடித்திருக்கும் என்று தொரை மேலேயே பாய்ந்தேன். அந்த மனிதர் பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

என் மனைவி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"செடியத்தானே எண்ணுனீங்க?"

ஆமா, அதுக்கென்ன என்று சீறினேன்.

"செடி சரிவுல எறங்கிப் போகுது. அது நேரா இல்ல தொங்குது? எதிர்மலையில நின்னு நாங்க பேசுனா இந்த ரோட்டுக்குக் கேக்கும். நடந்து வந்தாத்தான் தூரம்."

கோபம் எனக்கு மூக்கு நுனி வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. சரிவில் எழுபது, குறுக்கே, காற்றில், ஐம்பதுதான் இருக்கும். வாழ்நாள் முழுக்க மலையில் கிடக்கிற நான், மலை சாய்ந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். இரண்டு குண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் கை பழுதில்லை, திருகுதான் பழுது என்று குழியில் தொரைக்குப் பாடம் எடுத்தவனும் நான்தான். பதின்மூன்று கிளிக்கையும் திரும்ப இறக்கினேன். இந்தத் தடவை அவளும் கூடவே எண்ணினாள்.

வட்டத்துக்குள் கொப்பு வந்தது. கருடன் அசையாமல் தொங்கியது, கண் மட்டும் திறந்திருந்தது. அது என்னைப் பார்த்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவ்வளவு அமைதியை நான் என் ஆயுசில் கண்டதில்லை. விரல் எப்போது அசைந்தது என்றே தெரியாமல் துவக்கு வெடித்தது. கொப்பின் நடுவில் வெள்ளையாக ஒரு காயம் தெரிந்தது. அது மெல்ல மெல்லக் கீழே வளைந்து, நார் மட்டும் பிடித்துக்கொள்ள, முறியாமல் நின்றது.

ஆட்கள் மரத்தடிக்குப் போக வேண்டும், இனிமேல் சுட முடியாது. பின்பூட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துவக்கைத் தொரையிடம் கொடுத்தேன். பெண்கள் ஏற்கெனவே இடுப்பில் கட்டியிருந்த படங்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது ஈரமும் முள்ளும் படாமல் இருக்கக் கட்டுகிற தடித்த விரிப்பு அது. ஏழெட்டுப் படங்கை முனைக்கு முனை முடிந்து, என் மனைவி முன்னால் போக, ஐம்பத்தெட்டு நிரையையும் எப்படித்தான் இறங்கினார்களோ, மரத்தடியில் சுற்றி நின்று விரித்துப் பிடித்தார்கள். அப்போதுதான் கருடன் கடைசியாக ஒரு தரம் சிறகை அடித்தது. நார் அறுந்தது. கொப்பும் நூலும் பறவையுமாகச் சுழன்று வந்து, பாதிச் சிறகு விரிந்தபடி, படங்கின் நடுவில் விழுந்தது. ரோட்டில் நின்ற நான் குழந்தை மாதிரி அழுதேன்.

நூலை அவள்தான் அறுத்தாள். இறங்கிப் போய்ப் பார்த்தபோது அவள் மடியில் அது படங்குக்குள் சுருண்டிருந்தது, சூடாக, இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டு. தங்கூசி காலை எலும்பு வரைக்கும் அறுத்திருந்தது. பறவை இழுக்க இழுக்க இறுகிய என் முடிச்சு. அவள் கத்தி நுனியை விட்டு அதை வெட்டி எடுத்து, மற்றவர்கள் பார்க்குமுன் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்று திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

அன்று முழுக்க எங்கள் வீட்டில், கவிழ்த்த கொழுந்துக் கூடைக்குள் அது இருந்தது. மீன் துண்டைப் போட்டால் நாங்கள் திரும்பிய பிறகுதான் தின்னும். மறுநாள் வந்த காட்டு விலங்குக்காரர்கள் மருந்து போட்டு, இரண்டு நாள் பார்த்து, சிறகுக்கு ஒன்றும் இல்லை, பாதம் மட்டும் போய்விட்டது, விட்டுவிடலாம் என்றார்கள். மேல் ரோட்டில் வைத்துத்தான் விட்டோம். தடுமாறி, ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து ஏழாம் நம்பர் மலைக்கு மேலே போனது. பெண்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கொடியேற்றத்தன்று கமிட்டித் தலைவர் கையில் பரிவட்டத் துணியோடு என்னைக் கூப்பிட்டார். கருடனைக் காப்பாற்றியவருக்கு முதல் மரியாதை என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். மேளம் நின்றது. நான் கூட்டத்தில் என் மனைவியைத் தேடினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தத் தங்கூசி நான் கட்டுனதுங்க" என்றேன். "போன வருசத் தோரணம். எறக்கச் சொல்லியும் நான்தான் எறக்கல."

தலைவர் துணியை மடிக்கவில்லை.

"தெரியும்யா" என்றார். "அந்த நீலத்தாள நாங்க பாக்கலயா? நீயா சொல்றியான்னுதான் இத்தன நாளு பாத்துக்கிட்டு இருந்தோம். குனி."

குனிந்தேன். கட்டிவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் திட்டவில்லை. மேளம் மறுபடி தொடங்கியது.

இந்த வருடத் தோரணம் தும்புக் கயிற்றில்தான். மூட்டத்தில் தொய்ந்து எல்லார் தலையிலும் இடித்தது. தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலை, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், ஒரு முழம் விடாமல் இறக்கினேன். கூரை ஒழுக்கையும் அடைத்துவிட்டேன்.

ஸ்கோப் இப்போது என்னிடம் இருக்கிறது. துவக்கிலிருந்து கழற்றி, நீயே வைத்துக்கொள் என்று தொரை கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல் ரோட்டில் போய் நிற்கிறேன், மூட்டம் விலகுகிற வரைக்கும். வட்டத்துக்குள் மரம் வரும், கொப்பு வரும், அதில் கருடன் வரும். காற்று அடித்தால் அது ஒரு பக்கம் சாயும். சிறகை விரித்து, பிடித்து, மறுபடியும் நிற்கும். அந்த வட்டத்துக்குள் இப்போதும் சத்தம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அடுப்படியிலிருந்து, என்ன செய்யுது என்று கேட்பாள். நிக்குது என்பேன். எத்தனை காலில் என்று அவள் கேட்பதில்லை.